வியாழக்கிழமை மதியச் சாப்பாடு

குருவம்மாவின் இடுப்பளவு என்று மூன்று வருடமாக நான் பதிந்துவந்தது என்னுடைய இடுப்பளவு. நூற்று நான்கு சென்டிமீட்டர். குருவம்மாவைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆளே மொத்தம் நாற்பத்து மூன்று கிலோதான். நான் எவ்வளவு என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் பாலவேசம் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார், அதோடு விட்டுவிடுங்கள்.

என் பெயர் செண்பகவடிவு. ராஜபாளையம் பக்கம் நெடுங்கரைப்பட்டியில் அளவுக்காரி. ஊர் முழுக்கத் தறிச்செட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீடு தேடிப் போய், கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் இஞ்ச் டேப் வைத்து அளந்து, நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, ஆபீஸ் கொடுத்த போனில் ஏற்ற வேண்டும். சர்க்கரையும் பக்கவாதமும் மாரடைப்பும் யாருக்கு வரும், எப்போது வரும் என்பதை அந்தப் போனுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிற கணிப்பான் சொல்லும். இதுதான் திட்டம்.

சாப்பாட்டைப் பற்றி மனுஷன் சொல்கிற பொய்யைப் போல வேறெதைப் பற்றியும் சொல்வதில்லை. "ரெண்டே இட்லிதாம்மா" என்பான். மீசையில் சால்னா காய்ந்திருக்கும். "இனிப்பா? தொடவே மாட்டேன்" என்பவள் வாயில் கருப்பட்டி மிட்டாய் கரைந்துகொண்டிருக்கும். நாங்கள் எழுதிப் போட்ட பொய்களையெல்லாம் தின்று தின்று கணிப்பானுக்கு ஊரின் வயிறே அத்துப்படியாகிவிட்டது. ஒரு கட்டத்தில் நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்பதை விட்டு, நாளைக்குச் சாப்பிடப் போவதைச் சொல்ல ஆரம்பித்தது. ஆளுக்குத் தொண்ணூறு நாள் பட்டியல். "புதன் இரவு: தோசை இரண்டு, மூன்றாவதைப் பாதியில் வைத்துவிடுவார்" என்று இருக்கும். அந்த மனிதர் புதன் இரவு மூன்றாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

அதை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று போட்டிருக்கிறதே என்று வீம்புக்குத் தொடாமல் கஞ்சி குடித்தார். மறுபடி பட்டியலைத் திறந்து பார்த்தால், கீழே சின்ன எழுத்தில், "எடுத்து வைத்தும் சாப்பிடவில்லை, கஞ்சி, நாலு மணிக்கு மனசு கேட்காமல் சேவு" என்று முன்பே இருந்தது. மணி அப்போது நாலு பத்து. கையில் சேவுப் பொட்டலம். மனிதர் அதற்கப்புறம் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

வெளியூர் போன புருஷன் யார் வீட்டில் என்ன வெஞ்சனம் தின்றான் என்பது வரைக்கும் பட்டியலில் வந்து, குடும்பங்களில் அடிதடியானது. அதனால் என்ன சாப்பிடுவார்கள் என்பதை மறைத்துவிட்டார்கள். எங்களுக்கு வெறும் வட்டம்தான் தெரியும். காலை, மதியம், இரவு, ஒரு நாளைக்கு மூன்று வட்டம். சாப்பிடுவார் என்றால் பச்சை. இல்லையென்றால் வெள்ளை.

ஒரு வேளை வெள்ளையாக இருந்தால் விரதம், அஜீரணம், வீட்டில் சண்டை. ஒரு இடத்தில் தொடங்கி அதற்கப்புறம் எல்லாமே வெள்ளையாக இருந்தால் அது வேறு. முதலில் எங்களுக்கே புரியவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற சௌந்திரபாண்டி மாமாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து வெள்ளை. விஷயம் எப்படியோ கசிந்து அவர் காதுக்குப் போய்விட்டது. அன்றைக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். கூடம் நிறையச் சோறும் கறியும். மாமா மீசையை முறுக்கிக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தார். "இந்தா பாருங்கடா, ஒரு மணிக்கு முதல் வாய்!" என்று உருட்டிய கவளத்தோடு கையைத் தூக்கினார். கை வாய்க்குப் போகவில்லை. அப்படியே சாய்ந்தார். கவளம் அவர் உள்ளங்கையில் உதிராமல் இருந்தது. அதைப் பிரித்து எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஊரில் இதற்கு 'இலை மடிஞ்சிருச்சு' என்று பேர். யாருக்கு மடிந்திருக்கிறது என்று நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் ஜனங்கள் என் முகத்தைப் படிக்கப் பழகிவிட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று போனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தால் போதும், உள்ளே இருக்கிற பெண் வாயில் சேலையை வைத்துக்கொள்வாள். நான் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இளித்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன். என் மூஞ்சியை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு நல்லதும் இருந்தது. இலை மடிந்தவர்களுக்கு மாவட்ட ஆபீஸிலிருந்து நீல நிறத்தில் ஒரு கைப்பட்டை வரும். அதை நாங்களே வீட்டில் வைத்து அவர்கள் மணிக்கட்டில் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும். அந்தப் பட்டையோடு மதுரைக்குப் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை, குழாய் போட்டுப் பார்ப்பது, அடைப்பை எடுப்பது எல்லாம் உடனே நடக்கும், பட்டை இல்லாமல் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், பட்டையைத்தான் பார்ப்பார்கள். போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தார்கள். வந்தவர்களின் வட்டங்கள் மறுபடி பச்சையாயின.

இனி குருவம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. புருஷன் கேரளாவில் கட்டட வேலை, மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்தாயிற்று. பகல் ஷிப்டில் தறி ஓட்டுகிறவள். முதல் தடவை நான் டேப்பை எடுத்ததுமே துள்ளிப் பின்னால் போனாள்.

"ஏத்தா, கயிறு வச்சு அளக்குறது பாடைக்குத்தான். எங்கய்யாவ அப்படித்தான் அளந்தாங்க. உசுரோட இருக்குறவள அளக்காத."

"அக்கா, இது கயிறு இல்ல, டேப்பு. தையக்காரி அளக்க மாட்டாளா உங்கள?"

"அவளுக்கு அளவு ஜாக்கெட் குடுத்துருவேன். வேணும்னா உனக்கும் ஒண்ணு தாரேன். அத மேசைல விரிச்சு அளந்துக்க."

மூன்று தடவை நடையாக நடந்தேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். அசைந்து கொடுக்கவில்லை. என் வார்டில் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். ஒருத்தி பாக்கி என்றாலும் மேற்பார்வையாளர் தனுஷ்கோடி சார் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார். கடைசியில் ஒரு நாள் தறிச்செட்டுக்குப் பின்னால், நூல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, டேப்பை என் இடுப்பிலேயே சுற்றி அந்த அளவைக் குருவம்மா பெயரில் ஏற்றினேன். என்ன சாப்பிட்டாள் என்ற இடத்தில் நான் சாப்பிட்டதை எழுதினேன். கற்பனை செய்து எழுதினால் கணிப்பான் கண்டுபிடித்துவிடும் என்று பயம். அதனால் ஒரு நிஜமான உடம்பைக் கொடுத்தேன். மூன்று வருடம், பன்னிரண்டு தடவை. என் பெயரில் எழுபத்தெட்டு என்று போட்டுக்கொண்டேன். அளவுக்காரியே தொப்பையோடு இருந்தால் மெமோ கொடுப்பார்கள் என்று அப்போது ஒரு பேச்சு.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை போனைத் திறந்தேன். குருவம்மா பெயர் பட்டியலின் உச்சிக்கு வந்திருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வரை பச்சை. வியாழன் மதியம் வெள்ளை. அதற்கப்புறம் தள்ளத் தள்ள வெள்ளை.

எனக்கு முதலில் வந்தது, ஐயோ பாவம் குருவம்மா என்றுதான். அடுத்த மூச்சிலேயே புரிந்துவிட்டது. அந்தப் பெயரில் குருவம்மா ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை. இடுப்பு என்னுடையது, கழுத்து என்னுடையது, தின்ற புரோட்டா என்னுடையது. மடிந்தது என் இலை.

என் பெயரைத் தேடிப் பார்த்தேன். தொண்ணூறு நாளும் பச்சைப்பசேல் என்று இருந்தது. எழுபத்தெட்டு சென்டிமீட்டர்காரி நன்றாக இருப்பாள், ஏன் இருக்க மாட்டாள்.

தனுஷ்கோடி சாருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு சந்தேகம். ஆளோட அளவு தப்பாப் பதிஞ்சிருந்தா திருத்துறதுக்கு எத்தன நாள் ஆகும்?"

"முப்பது நாள். ஏம்மா, யாரு தப்பா ஏத்துனது? கீழூர் வார்டுல ஒருத்திய வீட்டுக்கு அனுப்பி கேஸும் போட்டாச்சு, தெரியும்ல?"

"சும்மா கேட்டேன் சார்."

"ஒன் வார்டுல ஒண்ணு மடிஞ்சிருக்கு பாத்தியா? புதன்கிழமைக்குள்ள பட்டை வந்துரும். பூட்டி அனுப்பி வையி."

முப்பது நாள். எனக்கு இருந்தது பத்து நாள். மதியம் கடைக்குப் போனேன். பாலவேசம் மாவை வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தார். "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு, ரெண்டு பிச்சுப் போட்டுக் குடுக்கவா?" என்றார். இலையில் வைத்த புரோட்டாவை வெறித்துப் பார்த்தேன். இதைத் தின்பதும் அதற்குத் தெரியும். தின்னாமல் எழுந்து போவதும் அதற்குத் தெரியும். எழுந்து கை கழுவி, மறுபடி வந்து உட்கார்ந்து தின்றேன். சாக எனக்கு இஷ்டமில்லை. இதை மழுப்பிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயது, இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை, சாக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். ஊருக்கே தெரிந்து, ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து என் வீட்டுக் கூடத்தில் வைப்பார்கள். சௌந்திரபாண்டி மாமா உட்கார்ந்த மாதிரி நானும் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. அடித்ததும், ஆரம்பித்துவிட்டதோ என்று இன்னும் படபடத்தது.

பட்டை புதன்கிழமை வந்தது. அதைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு நாலு மணி டீ நேரத்துக்குத் தறிச்செட்டுக்குப் போனேன். குருவம்மா வாசலில் உட்கார்ந்து டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. சத்தத்திலேயே கிடந்து கிடந்து எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவாள்.

"வாத்தா செம்பகம்! டேப்ப எடுத்த, ஓடிருவேன்!"

"எடுக்கல அக்கா. இது எத்தனாவது டீ?"

"ஆறோ ஏழோ. சோறு எங்க எறங்குது? டீயாத்தான் எறங்குது. சீனிய மட்டும் நல்லா அள்ளிப் போடச் சொல்லிருவேன்." இடது தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "பல்லு வேற ரெண்டு நாளா கொல்லுது. தறியில நிக்கயில தாடையப் பிடிச்சு இழுக்கு. உக்காந்தா விட்டுருது."

"கிராம்பு வைங்க" என்றேன். என் அவசரம் எனக்கு.

கையைப் பிடித்து நூல் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாகச் செய்த தில்லுமுல்லு, வெள்ளை வட்டம், வியாழக்கிழமை, எல்லாம். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடி கூறுகெட்டவளே! அப்ப இத்தன நாளா ஆபீஸ்ல நான் குண்டச்சியா?" சிரித்து முடித்ததும்தான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "அப்ப உனக்காத்தா? வியாழக்கெழமையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இந்தப் பட்டை உங்க பேருல வந்திருக்கு. இதப் பூட்டிக்கிட்டுப் போனா பொழைச்சுக்கிருவேன் அக்கா. நாலு நாள், உங்க பேருல நான் போய்ப் படுத்துட்டு வந்துருறேன். யாருக்கும் தெரியாது. நீங்க மாட்டேன்னா மாட்டேன்."

"இதுல என்னத்தா மாட்டேன்னு சொல்ல? பேருதான, எடுத்துட்டுப் போ." பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "நெசமாவே எனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"உங்களுக்கு என்ன வரப்போகுது, இந்த உடம்புக்கு? நான் பொறுப்பு அக்கா."

அவளே என் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி, பஞ்சு ஒட்டின விரலால் அழுத்திப் பூட்டினாள். 'டிக்' என்று சத்தம் கேட்டது. "போயிட்டு வா. வந்ததும் உன் வீட்டுக்காரர் கடைல எனக்கு ஒரு கொத்துப் புரோட்டா" என்றாள்.

முழுக்கை ரவிக்கை போட்டுப் பட்டையை மறைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன். அடுத்த புதன்கிழமை, மதுரையில் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டையின் மேல் ஒரு கருவியை வைத்தார்கள், அது கீச்சென்றது, "வாங்க குருவம்மா" என்றார்கள். ஆறாவது மாடியில் ஜன்னலோரப் படுக்கை. கட்டில் தலைமாட்டில் குருவம்மா என்று எழுதி மாட்டினார்கள். முதல் இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் திரும்பவில்லை. மூன்றாவது தடவை தானாகத் திரும்பிவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ரவைக் கஞ்சி. நான் குடித்து முடித்ததும் நர்ஸ் தன் கருவியில் ஏதோ தட்டினாள். சும்மா இருக்கமாட்டாமல் என் ஆபீஸ் போனை எடுத்துப் பார்த்தேன். குருவம்மா, புதன் இரவு: பச்சை. முன்பே பச்சையாக இருந்ததுதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டு போனார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களைத் திரையில் பார்த்தார்கள். லேசான மயக்கத்துக்கு ஒரு ஊசி. டாக்டர் ஷாஹிதா என்று ஒரு அம்மா. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உங்கள எதுக்கும்மா அனுப்பி வச்சாங்க? குழாயெல்லாம் சுத்தமா இருக்கு. இந்த எடையக் கொஞ்சம் கொறைக்கணும், சர்க்கரை எல்லைல இருக்கு. மத்தபடி ஒண்ணுமே இல்ல."

"அடைப்பு?"

"இல்லவே இல்ல. பொதுவா எங்களுக்கு உங்கள மாதிரி ஆளுகளப் பத்திக் கவலை இல்ல, எப்படியும் யாராவது பரிசோதனைக்கு இழுத்துட்டு வந்துருவாங்க. ஒல்லியா இருக்கிறவங்களத்தான் கோட்டை விட்டுருறோம். வெளியில ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள ஈரலச் சுத்திக் கொழுப்பு, சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கும். பல்லு வலிங்கிறான், வாயுங்கிறான், அப்படியே போயிருறான்."

அவர் சொன்ன முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. ஒண்ணுமே இல்ல. எனக்கு அந்தக் கட்டிலிலேயே எழுந்து நின்று குலவை போடலாம் போல இருந்தது. கணிப்பானாம் கணிப்பான்! பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும், மருந்து மயக்கமும் சந்தோஷமும் சேர்ந்த துணிச்சலில் தனுஷ்கோடி சாரைக் கூப்பிட்டேன். வேலை போனால் போகட்டும், உயிர் இருக்கிறது.

"சார், உங்க கணிப்பு பொய் சார்! நான் செண்பகவடிவு பேசுறேன், மதுரை ஆஸ்பத்திரிலருந்து. குருவம்மா அளவுன்னு நான் ஏத்துனது பூராம் என் அளவு. அந்தப் பட்டையோட நான்தான் வந்து படுத்திருக்கேன். எனக்கு ஒரு அடைப்பும் இல்லன்னுட்டாங்க!"

 

"நீயா படுத்திருக்க?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"ஆமா சார். கேஸ் போட்டாலும் போடுங்க."

"ஏம்மா... டேப்பளவ எடுத்துக்கிறத நிறுத்தி மூணு வருசமாச்சு."

"என்ன சார்?"

"நீங்க யாரும் ஒழுங்கா அளக்குறது இல்லன்னு மேல இருக்குறவங்களுக்குத் தெரியும்மா. திட்டம் ஆரம்பிச்ச ஆறாவது மாசமே தெரிஞ்சு போச்சு. நீங்க எழுதுற சாப்பாட்டையும் அது பாக்குறது இல்ல. ரேஷன்ல என்ன வாங்குறாங்க, டீக்கடைல போன் வழியா எத்தன தடவ காசு குடுக்குறாங்க, தறிச்செட்டுல எத்தன மணிக்கு விரல் வைக்கிறாங்க, மடியில போன வச்சுக்கிட்டு எப்படி நடக்குறாங்க, எங்க மூச்சு வாங்கி நிக்கிறாங்க, அது போதும் அதுக்கு. நேரடியா அந்த ஆளத்தான் பாக்குது."

"அப்ப எங்கள எதுக்கு சார் வீடு வீடா அனுப்புறீங்க?"

"மனுசன் ஒருத்தர் வந்து டேப்ப வச்சு அளந்தாத்தான சனங்க நம்புவாங்க. வெறும் போனு சொன்னா யாரு ஆஸ்பத்திரிக்குப் போவா?" அவருக்கு மூச்சு இரைத்தது. "நேத்துலருந்து குருவம்மா ரெண்டு எடத்துல காட்டுது. பட்டை மதுரைல, நடை ஊருல. கோளாறுன்னு நெனச்சு விட்டுட்டேன். செண்பகவடிவு, அவ இப்ப எங்க இருக்கா?"

என் கையிலிருந்த போன் வழுக்கிக் கட்டிலில் விழுந்தது. மடிந்தது என் இலை இல்லை. முதலிலிருந்தே அது குருவம்மாவின் இலைதான். அவளுக்கு என்று வந்த படுக்கையில் நான் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். தாடையைப் பிடித்து இழுக்குது என்று என்னிடமே சொன்னாளே. நிற்கும்போது இழுக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றாளே. பயிற்சியில் முதல் நாள் பாடமே அதுதானே. கிராம்பு வைக்கச் சொன்ன வாய் இது.

மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ஒரு மணிக்குத்தான் தறிச்செட்டில் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். குருவம்மாவின் எண்ணுக்குப் பதில் இரண்டு தடவை வேறு எண்ணைத் தொட்டேன். மூன்றாவது தடவை மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். பின்னால் தறிச் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. ஒரு செட்டில் நாற்பது தறியும் பகலில் ஒரே நேரத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

"குருவம்மாக்கா!" என்று கத்தினேன்.

"அக்கா இல்ல." பக்கத்துத் தறி ஓட்டுகிற பவளக்கொடியின் குரல். "செம்பகம் அக்காவா? கொஞ்ச முன்னாடிதான்க்கா... தறிய நிறுத்திட்டு, இரு தண்ணி குடிச்சிட்டு வாரேன்னுச்சு. அப்படியே துணிச் சுருள்மேல சாஞ்சிருச்சு. தூங்குதுன்னுதான் நெனச்சோம். மூச்சு இல்லக்கா. நேத்து பூராம் உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருந்துச்சு. நம்ம செம்பகம் பொழச்சு வரணும்னு மாரியம்மனுக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்கேன்னு..." 

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நான் பொறுப்பு, நான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரி அப்புறம் சொன்னாள்.

சாப்பாட்டு வண்டி வந்தது. என் முன்னால் ஒரு தட்டை வைத்தார்கள். சோறு, பாசிப்பருப்பு, கீரை, ஒரு கிண்ணம் மோர். நான் தொடவில்லை. கால் மணி நேரம் கழித்து அந்த நர்ஸ் பெண் வரிசையாக ஒவ்வொரு கட்டிலாக வந்தாள். நல்ல பெண்தான், நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி, பாவம்.

"சாப்பிட்டாச்சா குருவம்மா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. கருவியில் ஒரு தட்டுத் தட்டினாள். மெத்தையில் கிடந்த என் ஆபீஸ் போனில், குருவம்மா பெயருக்கு நேரே, வியாழன் மதியத்தின் வெள்ளை வட்டம் பச்சையானது. அதைத் தொட்டுக்கொண்டு இரவு பச்சையானது. வெள்ளி காலை, வெள்ளி மதியம், சனி, ஞாயிறு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே ஓடிக்கொண்டே போனது. தொண்ணூறு நாளுக்கும் குருவம்மா மூன்று வேளையும் சாப்பிடப் போகிறாள்.

"அம்மா, அதை அழிங்க" என்றேன். "நான் சாப்பிடல. நான் குருவம்மா இல்ல. என் பேரு செண்பகவடிவு. குருவம்மா செத்துப்போச்சு. ஊருல, தறிச்செட்டுல செத்துக் கெடக்கு. அதை அழிங்கம்மா."

அவள் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்து நீலப் பட்டையைத் திருப்பிப் படித்தாள். பிறகு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஊசி போட்டா சில பேருக்கு இப்படித்தான் கண்டபடி தோணும். சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிரும்" என்று போர்வையை இழுத்து என் கழுத்து வரை மூடினாள். "கண்ண மூடித் தூங்குங்க குருவம்மா."